முதலில் போட வேண்டிய சுவிட்ச்

“இதுல அதை மாட்ட முடியுமாடி?” என்று அக்கா ஒரு நாள் என்னைக் கேட்டாள்.

‘இது’ என்று அவள் காட்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ஆனாலும் அது ஒரு முழுக் கணினி. மூளை, நினைவகம், திரைக்கு ஒரு துளை, கீபோர்டுக்கு ஒரு துளை எல்லாம் அந்த ஒரே பலகையில் இருந்தன. ‘அது’ என்று காட்டியது மாமா கடை மேசையில் கிடந்த கிராபிக்ஸ் கார்டு. பெரிய மேசைக் கணினிகளுக்குள் இருப்பது. இரண்டு விசிறிகள், செங்கல் கனம். யானையை எலி வளைக்குள் விட முடியுமா என்று கேட்டது போல இருந்தது.

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்குள் அக்கா என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, என் சார்ஜரைப் பார்த்தாயா என்ற வகைதான். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கலாம் என்று நினைத்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டவள். பெரிய காரணம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் மற்றவர்களிடம் சொல்ல வசதியாக இருந்திருக்கும். ஒரு டீச்சர் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி எழுப்பினார். எழுந்தேன். எழுத்துகள் எல்லாம் நன்றாகத் தெரிந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. வரும் வரைக்கும் நில் என்றார். மணி அடிக்கும் வரை நின்றேன். மறுநாளும் நின்றேன். ஒரு வாரம் அப்படிப் போனது. அதற்குப் பிறகு தினமும் காலையில் எனக்கு வயிறு வலிக்கும், பத்து மணிக்குச் சரியாகிவிடும். அம்மா அடித்துப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கணினிகளை மாமா மொத்தமாக வாங்குவார். பிரித்து, துடைத்து, ஓடுகிறதை ஓட்டிப் பார்த்து விற்பார். முன்னறை அவருடையது. பின்னறை என்னுடையது. ஸ்க்ரூ கழற்றுவது, விசிறியில் ஒட்டிய தூசியை பிரஷ்ஷால் எடுப்பது, எது நல்லது எது கெட்டது என்று சோதித்து எழுதி ஒட்டுவது என் வேலை. பின்னறைக்கு எந்த வாடிக்கையாளரும் வர மாட்டார். மாமா என்னை மியூட்டு என்றுதான் கூப்பிடுவார். “கீபோர்டுல சத்தத்தை நிறுத்த ஒரு பட்டன் இருக்கும்ல, அதை இவ பொறந்தப்பவே யாரோ அமுக்கிட்டாங்க” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், எங்கள் வீட்டு ஊமை ஊரில் உள்ள கம்ப்யூட்டரை எல்லாம் பிழைக்க வைக்கிறது என்றும் சொல்வார். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும் என்பதால் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அக்கா நேர் எதிர். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அக்காவைப் பார்த்துத்தான் சொல்வாள். அப்பா போன பிறகு வீட்டுக்காரரிடம் பேசியது, அம்மாவின் ஆலையில் விடுப்பு கேட்டது, என் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையிடம் சண்டை போட்டது எல்லாம் அக்காதான். இஞ்சினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் வேலை துணி பார்ப்பது. வெள்ளை விளக்குக்கு முன்னால் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, விட்டுப்போன இழை, எண்ணெய்க் கறை எது தெரிந்தாலும் நிறுத்திச் சீட்டு ஒட்ட வேண்டும். நாள் முழுக்க நின்றபடி. இரண்டு வருடத்தில் அம்மாவுக்கு மூன்று முறை கண்ணாடி மாற்றியிருந்தோம். அக்கா தன் ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். துணியின் படத்தைக் காட்டினால் குறை எங்கே இருக்கிறது என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும் ஒரு ப்ரோகிராம். அம்மா கொண்டுவந்த கழிவுத் துண்டுகளை ஜன்னலோரம் விரித்து, ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, அதற்குக் கற்றுக்கொடுத்தாள். “பெத்தவ பொழப்புக்கே உலை வைக்கிறியாடி” என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டு மறுநாள் இன்னும் ஒரு பை துண்டு கொண்டுவருவாள்.

அந்த ப்ரோகிராம் முழுக்க முழுக்க அக்காவின் உழைப்பு. அதில் என் கை ஒரு வரிகூடக் கிடையாது. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிக்கல் வேகத்தில் இருந்தது. தறிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய சின்னக் கணினியில் ஓட வேண்டும் என்பது அவள் ப்ராஜெக்டுக்கு ஒப்புக்கொண்ட நிபந்தனை. சின்னப் பலகையில் ஒரு படத்தைப் பார்க்கப் பதினோரு நொடி ஆயிற்று. பதினோரு நொடி துணி காத்துக்கொண்டு நிற்குமா என்று அவளுடைய பேராசிரியர் கேட்டிருக்கிறார். ஒரே நேரத்தில் ஆயிரம் சின்னக் கணக்குகளைப் போடுவதற்கென்றே செய்யப்பட்டது கிராபிக்ஸ் கார்டு. அது பக்கத்தில் இருந்தால் பதினோரு நொடி ஒரு நொடிக்கும் கீழே வந்துவிடும். ஒரு கம்பெனி அவளுக்கு ஏற்கெனவே வேலை எழுதிக் கொடுத்திருந்தது. கடைசி ரிவ்யூவில் தேறிவிட்டால் அடுத்த மாதமே சேரலாம். அவள் சேர்ந்த அன்றே அம்மா ஆலையை விட்டு நின்றுவிட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். அம்மா வாயால் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இனிமேல் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

அதனால்தான் அந்தக் கேள்வி.

மாட்டி ஓட வைக்க மூன்று வாரம் ஆயிற்று. சின்னப் பலகையின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு வாய் இருந்தது. அதில் விரல் அகல ரிப்பன் கேபிள் ஒன்றைச் செருக வேண்டும். டேப் போல மெல்லியது. அதன் மறுமுனை ஓர் இடைப்பலகைக்குப் போகும். அந்த இடைப்பலகையில்தான் கார்டு உட்காரும் நீள ஸ்லாட். கார்டுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சின்னப் பலகையால் தர முடியாது என்பதால், பழைய கணினி ஒன்றிலிருந்து எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கழற்றித் தனியாக வைத்தேன். பெரிய கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டு சொல்லாமல் அந்தப் பெட்டி விழிக்காது. அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்துவிட்டால் மதர்போர்டு சொன்னதாக நினைத்துக்கொள்ளும். முதலில் ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்தேன். பிறகு மேசை விளக்கு ஒன்றிலிருந்து எடுத்த சின்ன சுவிட்ச் ஒன்றை அந்த இடத்தில் வைத்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பெரிய ஆளுக்கு ட்யூப் சொருகிப் படுக்க வைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

மாட்டுவதாவது கைவேலை. கார்டைப் பலகை அடையாளம் கண்டுகொள்ள வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. இந்தக் கார்டுகளுக்கான மென்பொருள் பெரிய கணினிகளை நினைத்து எழுதப்பட்டது. சின்னப் பலகையின் மூளை வேறு சாதி. இணையத்தில் யார் யாரோ இதே வேலையைச் செய்துபார்த்து, தோற்று, அதை எழுதிவைத்திருந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அவர்கள் யாரும் என்னை எழுந்து நின்று படிக்கச் சொல்லவில்லை. சில வரிகளை மாற்றி மென்பொருளைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை கட்டவும் பலகை ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டது. நான்காவது முறை கார்டின் பெயர் திரையில் வந்தது. நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு வரியைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தோம். அக்கா கல்லூரியிலிருந்து வந்து ஓட்டிப் பார்ப்பாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சைப் போடுவேன். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காரும்போது சின்னப் பலகையைப் போடுவேன். இந்த வரிசை மாறக் கூடாது. பலகை விழிக்கும்போது தன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரே ஒரு முறைதான் பார்க்கும். அந்த நேரத்தில் கார்டு தூங்கிக்கொண்டிருந்தால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடும். பிறகு கார்டு எழுந்து என்ன ஆட்டம் போட்டாலும் அதற்குத் தெரியாது. பலகையை மறுபடி ரீஸ்டார்ட் செய்தால்தான் உண்டு.

அக்காவுக்காக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கேபிளின் நீல ஓரம் எந்தப் பக்கம் வர வேண்டும், கார்டுக்கு ஏன் தனிப் பெட்டி, யாராவது இப்படிக் கேட்டால் என்ன பதில், அப்படிக் கேட்டால் என்ன பதில் என்று எல்லாம் எழுதினேன். எந்த சுவிட்ச் முதலில் என்பதை எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டதல்ல. அது என் கைக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. அக்கா வந்து உட்காரும்போதெல்லாம் கார்டின் விசிறி ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும், அது யார் போட்டது, எப்போது போட்டது என்று அவள் யோசித்திருக்க மாட்டாள். அவள் கண்ணால் பார்த்த ஒரே கோளாறு ரிப்பன் கேபிள். மயிரிழை சாய்ந்து உட்கார்ந்தால்கூட அது வேலை செய்யாது. இரண்டு முறை அவள் எதிரிலேயே அப்படி ஆகி, நான் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

ரிவ்யூ அன்று என்னையும் வரச் சொன்னாள். ஒருத்தியாகத் தூக்க முடியாது, அவசரத்தில் அந்த ரிப்பன் தன் கைக்கு அடங்காது என்றாள். நான் சட்டையை இரண்டு முறை தேய்த்தேன். பஸ்ஸில் கார்டைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு முறை என் முழங்கையைப் பிடித்து, “கார்டு ஏன் இவ்ளோ சூடாகுதுன்னு கேட்டா?” என்றாள். நான் மெதுவாகச் சொன்னேன். அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அறையில் ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். அவளுடைய பேராசிரியர், மடிக்கணினியிலிருந்து தலை தூக்காத ஓர் இளைஞர், வெளியிலிருந்து தேர்வாளராக வந்த ஓர் அம்மா. எங்களுக்கு முந்திய மாணவன் தன் பொருளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். நான் குனிந்தபடியே எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பெட்டி, இடைப்பலகை, கார்டு, ரிப்பன். நீல ஓரம் மேலே. பூட்டை அழுத்தினேன், க்ளிக் என்றது. திரையை மாட்டினேன். மிச்சம் இருந்தது எஸ்.எம்.பி.எஸ். சுவிட்ச். அதன் மேல் விரலை வைத்தேன்.

“நீ யாரும்மா?” என்று அந்தத் தேர்வாளர் அம்மா கேட்டார்.

நல்ல குரலில்தான் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுகூட இருந்தார். நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன், தங்கச்சி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“கடையில இருந்து வந்த பொண்ணு மேடம்” என்றாள் அக்கா. “பொருளைக் கொண்டுவந்து வச்சிட்டுப் போக வந்திருக்கு.”

அவர் தலையசைத்துவிட்டு, சரி, வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நிற்கச் சொன்னார்.

என் விரல் அப்போதும் சுவிட்சின் மேல்தான் இருந்தது. ஒரு அழுத்து போதும். நான் விரலை எடுத்தேன்.

இந்த இடத்தை நான் பல விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். பயத்தில் கை நடுங்கி எடுத்துவிட்டேன் என்று ஒரு தடவை எழுதினேன். போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன் என்று ஒரு தடவை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். சுவிட்ச் போடவில்லை என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு அது தெரியாது என்பதும் தெரியும். வைத்துவிட்டுப் போக வந்த பெண் வைத்துவிட்டாள், அவ்வளவுதானே அவள் வேலை என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. வெளியே வராத என் குரல் உள்ளே எவ்வளவு தெளிவாகப் பேசும் என்று யாருக்கும் தெரியாது.

கதவோரம் போய் நின்றேன்.

அக்கா அழகாகப் பேசினாள். துணி, ஆலை, விளக்கு, கண் என்று தொடங்கி அந்த இளைஞரைக்கூட நிமிர்ந்து பார்க்க வைத்தாள். பிறகு சின்னப் பலகையைப் போட்டாள். திரை வந்தது. ப்ரோகிராமை ஓட்டினாள். கார்டு இல்லை என்று வந்தது. அப்போதுதான் விசிறி சுற்றவில்லை என்பதைக் கவனித்தாள். சுவிட்சைத் தேடிப் போட்டாள். விசிறிகள் சுற்றின. மறுபடி ஓட்டினாள். கார்டு இல்லை.

சிரித்துச் சமாளித்தாள். கேபிள் கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்று சொல்லி எல்லாவற்றையும் அணைத்தாள். ரிப்பனைக் கழற்றினாள், மாட்டினாள். மறுபடி சின்னப் பலகைதான் முதலில். பிறகுதான் பெட்டி. கார்டு இல்லை. பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இன்னொரு முறை அணைத்து, ரிப்பனின் இரண்டு முனையையும் கழற்றி ஊதி மாட்டினாள். மூன்றாவது முறையும் அதே வரிசை.

ஒரு சொல் போதுமாக இருந்தது. எதையும் கழற்ற வேண்டாம், அணைக்க வேண்டாம், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகையை மட்டும் ரீஸ்டார்ட் செய்திருந்தால் அது விழித்துக் கார்டைப் பார்த்திருக்கும். ரீஸ்டார்ட். கடைக்கு எந்தக் கோளாறோடு யார் வந்தாலும் மாமா சொல்லும் முதல் வைத்தியம் அதுதான். எதற்கும் பயன்படாத அந்தப் பதில் ஒரே ஒரு நாள் எல்லாவற்றுக்கும் பயன்பட்டிருக்கும்.

அக்கா ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் நெற்றி வேர்த்திருந்தது. என்னடி என்று கண்ணாலேயே கேட்டாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். நான் அப்படித்தான் நிற்பேன் என்று எல்லோருக்கும் தெரியும். என்னை யாரும் சந்தேகப்பட முடியாது. கூச்சம் அவ்வளவு நல்ல மறைவிடம்.

கடைசியில் கார்டு இல்லாமலேயே ஓட்டிக் காட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் பதினோரு நொடி. முதல் படத்துக்கு மூன்று பேரும் காத்திருந்தார்கள். இரண்டாவதற்கு அந்த இளைஞர் மடிக்கணினிக்குத் திரும்பிவிட்டார். மூன்றாவது வட்டம் வருவதற்குள் பேராசிரியர் போதும் என்று கையைக் காட்டிவிட்டார். ப்ரோகிராம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓடுகிறதாகச் சொன்னது ஓடாமல் எப்படி மார்க் போடுவது, அடுத்த பருவத்தில் வா என்று அந்த அம்மா வருத்தமாகவே சொன்னார். அடுத்த பருவம் என்றால் ஆறு மாதம். கம்பெனி ஆறு மாதம் காத்திருக்காது.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அக்கா உட்காரவில்லை. நான் கார்டோடு உட்கார்ந்திருந்தேன், அவள் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நிறுத்தம் கழித்துக் குனிந்து பேசினாள்.

“கடைப் பொண்ணுன்னு சொன்னதுக்குக் கோபமா?”

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“தங்கச்சின்னு சொல்லியிருந்தா விட மாட்டாங்கடி. நீ என்ன படிக்கிறே, எங்க படிக்கிறேன்னு அடுத்து அதைத்தான் கேப்பாங்க. நீ வாய் வராம நிப்பே. லேப்டாப்போட உக்காந்திருந்த ஆளு சிரிப்பான். என்னால அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது.”

அவள் சொன்னது முழு உண்மையா, அப்போது யோசித்துச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்னொரு தடவை என்றாள். நான் வகுப்பில் சத்தம் வராமல் நின்றபோது, அவள் பள்ளிக்கூட வராந்தாவில், என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற நாள் ஒன்று உண்டு. அவள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நான் துண்டை இழுத்துக் கார்டை இறுக்கிச் சுற்றினேன். வேறு எதைச் செய்வதென்று தெரியவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. மறுநாள் ஆலைக்குப் போவதற்கான பையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அக்கா மேசை முன்னால் உட்கார்ந்து ரிப்பனைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இதுதானே? இந்தச் சனியன்தானே?” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாவும் இல்லையும் கலந்து ஆட்டுகிற என் வழக்கமான ஆட்டம் இல்லை. நன்றாக, மேலும் கீழும் ஆட்டினேன். வாயே திறக்காமல் பொய் சொல்ல முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டு அக்கா எழுந்துவிட்டாள். கல்லூரியில் ஒரு விதி இருந்தது. மாணவரின் தவறாக இல்லாமல், வெளியில் வாங்கிய பொருளின் குறையால் செய்முறை நின்றுபோனால், விற்ற கடை எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. கேபிள் மாமா வாங்கித் தந்தது. மாமா இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அக்கா பேசப் பேச அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. அம்மாகூடப் பையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை முழுக்க ரிப்பன் மேசை மேல் கிடந்தது. அதைக் கூர்மையாக ஒரு மடிப்பு மடித்தால் உள்ளே உள்ள மெல்லிய கம்பிகள் அறுந்துவிடும். பிறகு நான் சொன்னது பொய்யாக இருக்காது, அக்காவுக்கும் வாய்ப்பு கிடைத்துவிடும். இரண்டு தடவை கையில் எடுத்தேன். மடிக்கவில்லை. நல்ல மனசால் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நல்ல பொருளைக் கெடுப்பதற்கு என் கை பழகவில்லை, அவ்வளவுதான். ஆளைக் கெடுப்பதற்கு மட்டும் எப்படிப் பழகியது என்று நினைத்துக்கொண்டு அதைக் கீழே வைத்தேன்.

காலையில் மூன்று பையோடு மாமா கடைக்குப் போனோம். அக்கா நடந்ததைச் சொன்னாள். மாமா உச்சுக் கொட்டினார், எழுதித் தர என்ன கஷ்டம் என்று சொல்லிக் கடையின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பேனா மூடியையும் கழற்றினார். பிறகு, ஒரு தடவை பார்த்துவிட்டே எழுதுகிறேன், நாளைக்கு யாராவது போன் பண்ணிக் கேட்டால் பார்க்காமல் எழுதினேன் என்று சொல்ல முடியுமா என்றார்.

பின்னறையில் என் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார். நான் சுவரோரம் தூசி பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏதோ ஒரு வாடிக்கையாளர் மடிக்கணினியில் டீ கொட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே மாட்டினார். ரிப்பன், கார்டு, திரை. கதையை நிறுத்தாமலேயே எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சைத் தட்டினார். விசிறிகள் சுற்றின. டீயில் சர்க்கரை வேறு என்று சொல்லிக்கொண்டே சின்னப் பலகையைப் போட்டார். அக்கா தன் பென் டிரைவைச் செருகி ப்ரோகிராமை ஓட்டினாள். துணியின் படம் வந்தது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் சிவப்பு வட்டம் வந்தது. அடுத்த படம், வட்டம். அடுத்த படம், வட்டம்.

“நல்லாத்தானே இருக்கு” என்றார் மாமா.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. மேசை மேல் அந்தச் சின்ன சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இதை எதுக்கு முதல்ல போட்டீங்க?”

“எதை?”

“இந்த சுவிட்சை. போர்டு போடறதுக்கு முன்னாடி.”

“பின்ன? கார்டு முழிச்சிருந்தாத்தானே அது கண்ணுக்குத் தெரியும். எனக்கே மியூட்டுதான் சொன்னா, முதல் நாளே. தப்பாப் போட்டா பலகையை ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமான்னு சீட்டு எழுதி ஒட்டி வச்சிருந்தா.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபமாகத் திரும்பவில்லை. கணக்கில் ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவள் மாதிரி திரும்பினாள்.

“அங்க நின்னுட்டு இருந்தப்பவே உனக்கு இது தெரியுமா?”

மாமா குறுக்கே வந்தார். “அவளை ஏன் கேக்கறே, அத்தனை பேருக்கு நடுவுல அவ எங்க வாயைத் தொறக்கப்போறா” என்றார். எனக்கு வழி விட்டார். அந்த வழியில் போயிருந்தால் யாரும் என்னைத் தடுத்திருக்க மாட்டார்கள். அக்காவே நம்பியிருப்பாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்து என்னை மன்னித்திருப்பாள். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு அவளோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“தெரியும்” என்றேன். குரல் கரகரவென்று வந்தது. “சுவிட்ச் மேலதான் கை வச்சிருந்தேன். கடைப் பொண்ணுன்னு நீ சொன்னதும் எடுத்துட்டேன். பயத்துல எடுக்கல.”

மாமா கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தார். திரையில் துணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வட்டம் வாங்கிக்கொண்டு போயின.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். வாயுள்ளவள் அவள். என் பள்ளிக்கூடத்தையே ஒரு நாள் கிடுகிடுக்க வைத்தவள். அவள் உதடு ஒரு முறை பிரிந்தது, மறுபடி சேர்ந்துகொண்டது. குனிந்து பென் டிரைவைப் பிடுங்கினாள். அதற்கு மூடி போட்டாள். பையின் சின்ன அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் நடுவில் சிக்கியது, பின்னால் இழுத்து மறுபடி முன்னால் இழுத்தாள். முன்னறையில் மாமா எழுத எடுத்து வைத்த தாள் அப்படியே வெறுமையாகக் கிடந்தது. அதைத் தாண்டி, தரையில் கிடந்த ஒயர்களில் கால் படாமல் பார்த்துப் பார்த்து அடி வைத்து, தெருவில் இறங்கிப் போனாள்.